வகுப்பில் ஒரு பிள்ளையைச் சீண்டுகிறார்கள் என்று தெரிந்தால் வகுப்பாசிரியர் என்ன செய்ய வேண்டும்

இந்த வருடம் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏதாவது ஒரு வகுப்புக்கு வகுப்பாசிரியர் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், இது உங்களுக்காக எழுதியது. நான் தென்காசிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பல வருடமாக இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் அம்மா அப்பா சொல்வதைவிட, பக்கத்து பெஞ்சில் இருப்பவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதுதான் ஒரு பிள்ளைக்குப் பெரிது. அந்த வயதில் தினம் தினம் நாலு பேர் கூடிக் கேலி செய்தால், அந்தப் பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, வீட்டுப்பாட நோட்டு, வருகைப் பதிவேடு எல்லாவற்றிலும் அது தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை இரண்டு பிள்ளைகளுக்கு இடையே நடக்கும் தகராறாக எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து பண்ணினால் தீராது. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க நடக்கிற விஷயம் இது. அதனால் வகுப்பு முழுவதையும் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

சண்டையா, சீண்டலா?

மட்டை யாருக்கு என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள், மறுநாள் ஒன்றாகச் சைக்கிளில் வருகிறார்கள். அது சண்டை. அதில் ரொம்ப நுழையத் தேவையில்லை. நார்வேயில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பாதிக்கப்படுகிறவன் எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருப்பது. மூன்றாவதைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். பலம் என்றால் உடம்பு பலம் மட்டும் இல்லை. ஆள்பலம், சாதி, ஊரில் அப்பாவுக்கு இருக்கும் செல்வாக்கு, நன்றாகப் பேசத் தெரிவது, வெள்ளையாக இருப்பது, வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருப்பது எல்லாமே பலம்தான்.

யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களின் சீண்டலுக்கு ஆளாகியிருக்கிறார். எனவே 'என் கிளாஸ்ல அப்படியெல்லாம் கிடையாது' என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் கவனித்துப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

எங்கே கண் வைப்பது?

பிள்ளைகள் தாமாக வந்து சொல்வது அபூர்வம். பையன்கள் அனேகமாகச் சொல்லவே மாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும்.

முதல் இடம் வருகைப் பதிவேடு. மாதம் எத்தனை நாள் லீவு என்பதோடு எந்தெந்த நாள் லீவு என்றும் பாருங்கள். பி.இ.டி. பீரியட் உள்ள நாளாகவே வருகிறதா? லேப் இருக்கும் நாளா? ஆசிரியர் கண் குறைவாக இருக்கும் நாட்கள் அவை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வயிற்றுவலி என்று லீவு லெட்டர் வந்தால் கேள்வி கேட்க வேண்டும். அந்த வயிற்றுவலி நடிப்பு என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். சீண்டப்படும் பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

பெயர் கூப்பிடும் நேரத்தையும் கவனியுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் கூப்பிட்டு முடித்து நான் பதிவேட்டை மூடும் நேரம் பார்த்து, சரியாக வாசலில் வந்து நிற்பான். அவன் வீடு பள்ளிக்கு நடந்து வரும் தூரம்தான். பஸ்ஸைக் காரணம் சொல்ல முடியாது. ஒருநாள் சீக்கிரம் வந்தவனைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிற்கப் பார்த்தேன். பை தோளில், கண் வகுப்பறைப் பக்கம். அவனுக்குத் திக்குவாய். 'உள்ளேன் டீச்சர்' என்பதில் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். அவன் பெயரைக் கூப்பிட நான் வாயெடுத்ததுமே பின் பெஞ்சில் 'உ… உ… உ…' என்று ஒரு சத்தம் மெதுவாகக் கிளம்பும், முன் பெஞ்சுக்காரர்கள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிவார்கள். அதைத் தவிர்க்கத்தான் தாமதமாக வந்து தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து வகுப்பு முழுவதற்கும் கை தூக்கினால் போதும் என்று மாற்றினேன். அவன் பெயரைச் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. அந்த வாரமே அவன் மணியடிக்கும் முன் வர ஆரம்பித்தான். சீண்டல் அதோடு முழுசாக நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அதில் தொடங்குவது நின்றது.

வேறு சில இடங்களும் உண்டு. 'நாலு நாலு பேராச் சேருங்க' என்று ஒரு முறை சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கடைசியில் யார் தனியாக நிற்கிறார்கள், யாரைச் சேர்க்கச் சொன்னதும் முகம் சுளிக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம். பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள். தண்ணீர் குடிக்கப் போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளை. காலையிலிருந்து சாயங்காலம் வரை டாய்லெட் பக்கமே போகாத பிள்ளை. வயதில் சிறிய ஆறாம் வகுப்புக் குழந்தைகளோடு மட்டும் விளையாடும் பிள்ளை.

மார்க்கை மட்டும் நம்பாதீர்கள்

படிப்பு குறைந்தால்தான் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறோம். சீண்டலுக்கும் மார்க்குக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2010-ல் கண்டது என்னவென்றால், தொடர்பு நிச்சயமாக உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது. என் அனுபவமும் அதுதான். சில பிள்ளைகள் சரிந்துவிடுகிறார்கள். சிலர் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு முதல் மார்க் எடுக்கிறார்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை.

அப்படி ஒரு பெண். கணக்கில் எப்போதும் முதல். மதியம் மணியடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லேப் வராண்டாவில் குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். காற்று வருகிறது என்பாள். வகுப்பில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அவளுக்கு இடமில்லை என்று பருவம் தொடங்கியதும் ஒருத்தி முடிவு செய்திருந்தாள், மற்றவர்கள் சரி என்றிருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். பெண் பிள்ளைகளிடம் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கும். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அவள் அம்மாவிடம் எல்லா டீச்சரும் பாராட்டுதான் சொன்னார்கள். அம்மா தயங்கித் தயங்கி, 'ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறா டீச்சர்' என்றார்.

மார்க்கைவிட மார்க் வரும் விதத்தைப் பாருங்கள். எழுத்தில் சரியாகப் போடுகிறவன் வாயால் கேட்டால் 'தெரியாது' என்கிறானா? சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டானா? போர்டுக்கு வரச் சொன்னால் சாக்குச் சொல்கிறானா? பதில் தெரிந்தும் வாயைத் திறக்கப் பயப்படும் பிள்ளைக்குப் பாடம் நகராது. காதைப் பின் பெஞ்சில் வைத்துக்கொண்டு காரணிப்படுத்தல் கணக்கைப் போட யாராலும் முடியாது. அடுத்து தன்னை என்ன சொல்வார்களோ என்று காத்திருப்பதிலேயே பாதி மூளை செலவாகிவிடுகிறது.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

ஸ்டாஃப் ரூமில் பத்து ஆசிரியர்கள் முன்னால் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். வகுப்பிலிருந்து எழுப்பியும் கூட்டிப்போகாதீர்கள். நோட்டுக்கட்டைத் தூக்கி வரச் சொல்லலாம், யாருக்கும் சந்தேகம் வராது. நடந்துகொண்டே பேசினால் இன்னும் நல்லது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

'யார் பண்ணினா?' என்று ஆரம்பித்தால் வாய் மூடிக்கொள்ளும். நான் கேட்பது: 'ஸ்கூல்ல எந்த இடத்துக்குப் போகப் பிடிக்கல?' இடத்தைச் சொல்வது எளிது, ஆளைச் சொல்வதுதான் கஷ்டம். சைக்கிள் ஸ்டாண்டு, டாய்லெட், சத்துணவு வரிசை, பஸ் ஸ்டாப் என்று ஏதாவது ஒன்று வரும். அதிலிருந்து மெல்ல மெல்ல ஆள் வருவான். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. 'உன்னைக் கேட்காம எதுவும் பண்ணமாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னா எச்.எம். கிட்டயும் வீட்டிலயும் சொல்லியாகணும்' என்பதுதான் நேர்மை. அன்றே தேதி போட்டு, பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

'நீ கண்டுக்காம இரு', 'நீ ஏன் அவங்ககூடப் போற', 'ஆம்பளப் பையன் அழலாமா' – இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். கை குலுக்க வைத்து 'இனிமே ஃப்ரெண்ட்ஸா இருங்க' என்று அனுப்புவதும் வேண்டாம். இரண்டு பேரும் சமம் என்று நாமே சொல்வதுபோல ஆகிவிடும். சமமாக இருந்திருந்தால் இது சண்டையோடு முடிந்திருக்கும்.

புகார் சொன்ன பிள்ளையின் பாதுகாப்பு

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. எங்கள் தெற்கு மாவட்டங்களில் யாரும் மறக்க முடியாத ஒன்று 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது. பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவன் பள்ளி மாணவர்கள். பள்ளியில் நடந்த சாதிச் சீண்டலைப் பற்றி அவன் தரப்பில் புகார் போன பிறகு நடந்தது அது. அதற்கு முன்னால் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தான். அடுத்த வருடம் அந்தப் பையன் பிளஸ் டூவில் 600-க்கு 469 எடுத்தான் என்று செய்தியில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது, அகர வரிசையில் உட்கார வைப்பது போன்ற பரிந்துரைகள் அதில் உண்டு. அகர வரிசை சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் யார் யாரோடு உட்காரலாம் என்று ஊர் தீர்மானித்ததை அது வகுப்புக்குள் வரவிடாது. நான் மாதம் ஒருமுறை அதைத் தலைகீழாக மாற்றுவேன், பின் பெஞ்ச் யாருக்கும் சொந்தமாகக் கூடாது என்பதற்காக.

எனவே புகார் வந்த அன்றே, யாரையும் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்னால், இவற்றை முடிவு செய்துவிடுங்கள். இந்தப் பிள்ளை இன்று சாயங்காலம் யாரோடு வீட்டுக்குப் போகும்? பஸ் ஸ்டாப்பில் யார் நிற்பார்கள்? வீட்டுக்குத் தகவல் போய்விட்டதா? அடுத்த சில நாள் இடைவேளையில் எந்த ஆசிரியர் அந்த டாய்லெட் பக்கம் நிற்பார்? புகார் கொடுத்தது யார் என்று எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் 'நானே பார்த்தேன்' என்று நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? அதற்காகத்தான் நீங்களே பார்ப்பது முக்கியம். சாதி விஷயம், ஆயுதம், மிரட்டல் என்று வந்தால் வகுப்பாசிரியர் மட்டத்தில் வைத்துக்கொள்ளாமல் அன்றே தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். அதில் நமக்கு யோசிக்க இடமே இல்லை.

பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

பின்லாந்தில் டுர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றில், சீண்டல் நடக்கும் வகுப்பில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார். சீண்டுகிறவன், அவனுக்குக் கைகொடுப்பவன், சிரித்து ஊக்கம் கொடுப்பவன், ஒதுங்கி நிற்பவன், காப்பாற்ற வருபவன், பாதிக்கப்படுபவன். பின்னர் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவிய 'கிவா' என்ற சீண்டல் தடுப்புத் திட்டம் இந்த அடிப்படையில்தான் அமைந்தது. என்னைப் பொறுத்தவரை நமக்கு மிகவும் பயன்படுவது இதுதான். சிரிப்பு நின்றால் சீண்டலில் பாதி நிற்கும். சீண்டுகிறவனுக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு.

ஆகவே சிரிக்கிற பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் அடுத்து நம் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் சிரிக்கிறவர்கள். தனித்தனியாக, சாதாரணமாகப் பேசுங்கள். 'அவன் பேச ஆரம்பிச்சதும் நீ தலையைக் குனிஞ்சு சிரிச்ச. நான் பார்த்தேன். உனக்கு அது பிடிச்சிருந்துச்சா?' என்று கேட்டால், பிடிக்கவில்லை என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். 'அப்போ நாளைக்கு என்ன பண்ணுவ?' என்று கேளுங்கள். எதிர்த்துப் போய் நில் என்று சொல்லாதீர்கள், அது அந்த வயதுக்குப் பெரிய சுமை. சிரிக்காமல் இருப்பது, அந்தப் பிள்ளையிடம் ஸ்கேல் கடன் கேட்பது, இடைவேளையில் 'வாடா தண்ணி குடிக்கப் போவோம்' என்பது, இவ்வளவு போதும்.

லேப் வராண்டாவில் சாப்பிட்ட அந்தப் பெண் விஷயத்தில் வட்டத்தின் தலைவியிடம் நான் பேசவே இல்லை. ஓரத்தில் உட்காரும் இரண்டு பெண்களிடம் மட்டும் கணக்குப் பயிற்சித்தாள் ஒன்றை மதியம் அவளோடு சேர்ந்து முடிக்கச் சொன்னேன். முதல் நாள் தாளை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்தார்கள். ஊறுகாய் கைமாறியது. பழைய வட்டத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவே இல்லை, ஆனால் மூன்று பேருக்குப் புது இடம் ஒன்று உண்டாகிவிட்டது. ஒரே ஒரு தோழமை இருந்தாலும் ஒரு பிள்ளை தாக்குப்பிடித்துவிடும்.

இன்னொன்று, நம் வாய். ஆசிரியர் ஒரு முறை 'ஏய் குண்டு, போர்டைத் துடை' என்றால் வகுப்புக்கு அது அனுமதிச் சீட்டு. கறுப்பு, குள்ளம், தத்தி, 'உங்க ஆளுங்களே இப்படித்தான்' எதுவும் நம் வாயிலிருந்து வரக் கூடாது.

சீண்டியவனை அடிப்பதில் பயன் கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, பலம் உள்ளவன் அடிக்கலாம் என்று அவன் நம்புவதை நாமே உறுதி செய்வதாகிவிடும். தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். விவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். 'சும்மா விளையாட்டுக்கு டீச்சர்' என்பான். 'ரெண்டு பேரும் சிரிச்சாத்தான் விளையாட்டு' என்று மட்டும் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து என்ன மாறும் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் விசாரியுங்கள். இரு வீட்டுப் பெற்றோரையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள், அது ஊர்ச் சண்டையாக மாறும்.

படிப்பைத் திரும்பப் பிடிப்பது

சீண்டல் நின்றதும் படிப்பு தானாகத் திரும்பிவிடாது. விட்டுப்போன நாட்களின் பாடம் அப்படியே ஓட்டையாகக் கிடக்கும். கணக்கில் இது ரொம்பத் தெரியும். இயற்கணிதத்தில் இரண்டு வாரம் போனால் அதன் பிறகு எதுவும் புரியாது. நோட்டை இரவல் வாங்கிக் காப்பி பண்ணச் சொல்வது போதாது. எந்தப் பாடம் எந்தப் பயிற்சியில் விட்டது என்று ஒரு தாளில் எழுதி, தினம் இரண்டு கணக்கு என்று பிரித்துக் கொடுங்கள். மற்றப் பாட ஆசிரியர்களிடமும் சொல்லி வையுங்கள், காரணம் முழுதும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் முதலில் கேட்கும் கேள்வி அந்தப் பிள்ளைக்கு உறுதியாகப் பதில் தெரிந்ததாக இருக்கட்டும். அதிகமாகத் தாங்கவும் வேண்டாம். 'டீச்சர் செல்லம்' என்று அடுத்த கேலி தொடங்கிவிடும்.

டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் தயங்காமல் மாற்றலாம். அதில்லாமல், பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளி மாற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. முதலில் பிரிவு மாற்றிப் பாருங்கள். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளையை மாற்றாமல் சீண்டியவனை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

பெற்றோருக்கு

'நீயும் திருப்பி அடி' என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்தப் பையன் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பிள்ளையின் போட்டோவை ஸ்டிக்கர் ஆக்கிச் சுற்றவிட்டிருந்தால் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள், எழுத்தில் கொடுங்கள், பதில் வரவில்லை என்றால் தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு என்று அடுத்தடுத்துப் போங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

'நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்' என்பதுபோல ஒரு வார்த்தை வந்தாலும், கையில் கீறல் தெரிந்தாலும், அன்று அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். 'வயசுக் கோளாறு' என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது. 1958-ல் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளை ஐம்பது வயது வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், சிறுவயதில் அடிக்கடி சீண்டப்பட்டவர்களுக்கு ஐம்பதிலும் மனச்சோர்வு அதிகம் இருந்தது தெரியவந்தது.

வருடம் முடியும்போது

நீங்கள் தலையிட்டு ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அந்தப் பிள்ளையிடம் திரும்பக் கேளுங்கள். வகுப்பறையில் நின்றது சில நேரம் பஸ்ஸுக்குள் போயிருக்கும். அப்புறம், அடுத்த வகுப்புக்குப் பிரிவு பிரிக்கும் பட்டியல் தயாராகும்போது, பட்டியல் போடும் ஆசிரியர் பக்கத்தில் போய் உட்காருங்கள். இந்த இரண்டு பேர் ஒரே பிரிவில் வரக் கூடாது, இந்தப் பிள்ளையோடு இந்த ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். புது வகுப்பாசிரியரிடம் பதிவேட்டை ஒப்படைக்கும்போது, பெயர் கூப்பிடுவதற்குப் பதில் கை தூக்கச் சொன்னால் போதும் என்பது போன்ற விஷயங்களையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள்.